ஏற்காட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம், வயது 44. கூலிக் கணக்கு, மிளகு விற்ற கணக்கு எல்லாம் இதுவரை நோட்டில்தான். அண்ணன் மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டாள். போன் நன்றாகவே வருகிறது. லேப்டாப்பைத் திறந்தால் மட்டும் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயம். சேலம் ஐந்து ரோடு பக்கம் மூன்று மாத 'பேசிக் கம்ப்யூட்டர்' வகுப்பில் சேரச் சொல்கிறார்கள். தினமும் மலை இறங்கி ஏறாமல் வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும்ங்க அக்கா. சேலத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். வகுப்பு வேண்டாம் என்று சொல்வது என் தொழிலுக்கே வேட்டு. ஆனாலும் உங்களுக்குத் தேவையானதில் பாதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப், ஜிபே, யூடியூப் எல்லாம் ஓட்டுகிறவருக்கு மெனு, பாஸ்வேர்டு, டவுன்லோடு எதுவும் புதிதில்லை. போன் காட்டாமலே மறைத்து வைத்திருக்கும் ஒரு சமாச்சாரம்தான் பாக்கி: ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்பது.

போனில் போட்டோ எடுத்தால் கேலரியில் வந்து நிற்கும். உள்ளே எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தடவையும் அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் வரும் புதியவர்கள் சொல்லும் புகாரில் முக்கால்வாசி 'நேத்து அடிச்சதைக் காணோம் சார்' ரகம். அடித்தது எங்கும் போயிருக்காது. எங்கே வைத்தோம் என்பதுதான் தெரியாது. அதனால் முதல் இரண்டு வாரம் வேர்டு, எக்ஸெல் பக்கம் போகவே வேண்டாம். ஃபைல், ஃபோல்டர் மட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. லேப்டாப் இன்னும் அண்ணன் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் திறக்கிறதா என்று பாருங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சில லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். தினமும் திறக்கும்போது தெரியாது. என்றைக்காவது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி, மெஷினை முதலில் யார் கணக்கில் அமைத்தார்களோ அவர்கள் கணக்கில் இருக்கும். அவள் அந்தக் கணக்கை மறந்திருந்தால் உங்கள் மூன்று வருஷக் கூலிக் கணக்கும் உள்ளேயே கிடக்கும். அவள் அடுத்து ஊருக்கு வரும்போது தன் போட்டோ, ஃபைல்களை எடுத்துக்கொள்ளட்டும். பிறகு செட்டிங்ஸில் 'ரீசெட்' கொடுத்து, உங்கள் ஈமெயிலிலேயே புதிதாக அமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும், அதனால் எடுத்துவைப்பது முதலில், ரீசெட் அப்புறம்.

அப்படியே அது விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்றும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆங்கில 'ஐ' (I) எழுத்தைத் தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், கடைசியில் அபௌட். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். மெஷின் 11-ஐத் தாங்கினால் மாற்றிவிடுங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் பெரும்பாலும் ஏற்காது. அப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். காசில்லை, 4 ஜிபி ராமிலும் ஓடும், ஃபைல் ஃபோல்டர் வேலை எல்லாம் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் ஏதாவது சிக்கினால் பக்கத்தில் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். நான் கீழே சொல்வது விண்டோஸ் 11-ஐ வைத்து.

அபௌட் பக்கத்தில் '8 ஜிபி ராம்' என்று ஒன்று இருக்கும், ஸ்டோரேஜ் பக்கத்தில் '476 ஜிபி' என்று ஒன்று. இரண்டையும் 'மெமரி' என்று ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள். 476 என்றதும் 'கடைக்காரன் 512 என்றுதானே சொன்னான், மீதி எங்கே' என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. 512 அந்தக் கணக்கில் 476-தான் வரும்.

ராமுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்ல ரொம்ப எளிது. காபி காயப்போடும் களம்தான் ராம். குடோன்தான் டிஸ்க். வேலை முழுக்கக் களத்தில் நடக்கும். களம் பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நிறையப் பரப்பலாம். ஆனால் மழை வந்தால் குடோனுக்குள் போனதுதான் மிஞ்சும். திரையில் நீங்கள் அடித்துக்கொண்டிருப்பது களத்தில் இருக்கிறது. கன்ட்ரோல் கீயோடு 'எஸ்' தட்டினால், அதாவது சேவ் செய்தால், குடோனுக்குப் போகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது திரும்பும் என்று உங்களுக்கே தெரியும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் உடனே அணையாது, ஆனால் பழைய பேட்டரியை நம்ப முடியாது. வேர்டும் எக்ஸெல்லும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஒரு நகல் எடுத்துவைக்கும் என்பது உண்மைதான். அதை நம்பி இருக்கவேண்டாம். இரண்டு வரி அடித்ததும் கை தானாகக் கன்ட்ரோல் எஸ்-க்குப் போகவேண்டும்.

சரி, முதல் வாரப் பயிற்சி. விண்டோஸ் கீயோடு ஆங்கில 'ஈ' (E) தட்டுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். டாகுமென்ட்ஸ் உள்ளே போய், காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ', 'ஃபோல்டர்'. பெயர் 'தோட்டம்' என்று வையுங்கள், தமிழிலேயே வைக்கலாம். அதற்குள் 'கூலி', 'மிளகு', 'பில்' என்று மூன்று. இப்போது நோட்பேடைத் திறந்து நான்கு வரி அடியுங்கள். சேவ் கொடுத்தால் ஒரு பெட்டி வரும். எல்லாரும் அங்கே அவசரமாக என்டர் தட்டிவிடுவார்கள். நீங்கள் நிற்கவேண்டிய இடம் அதுதான். பெட்டியின் மேல்பகுதியில் எந்த ஃபோல்டர் என்று எழுதியிருக்கும், கீழே பெயர் கேட்கும். மேலே படித்து, 'கூலி' ஃபோல்டருக்குள் போய், பெயர் கொடுத்து, பிறகு சேவ். மூடுங்கள். எக்ஸ்ப்ளோரர் வழியாகப் போய் அதே ஃபைலைக் கண்டுபிடித்துத் திறங்கள். காப்பி எடுத்து 'பில்' ஃபோல்டரில் ஒட்டுங்கள். பெயர் மாற்றுங்கள், எஃப்2 கீ. டெலீட் செய்யுங்கள். ரீசைக்கிள் பின்னில் போய் மீட்டெடுங்கள். சலிக்கும்வரை இதையே செய்யுங்கள்.

பெயர் வைப்பதில் ஒரு யோசனை. தேதி போட்டால் நம் வழக்கப்படி 14/11 என்று போட வரும். சாய்கோடு ஃபைல் பெயரில் வராது என்று விண்டோஸ் மறுத்துவிடும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரம் இவையும் ஆகாது. 14-11-2025 என்று போடலாம், ஆனால் வரிசை கலைந்துவிடும்: எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும். 2025-11-14 என்று வருஷத்தை முன்னால் போட்டால் காலவரிசை தானாக வந்துவிடும். அரசு இணையதளத்தில் ஏற்றவேண்டிய ஃபைல் என்றால் மட்டும் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் சின்னப் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரைக் கண்டால் சில தளங்கள் முறைக்கும்.

இனி அடிக்கடி ஆள் மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள். முதலாவது ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் சில ஐகானின் இடது கீழ் மூலையில் குட்டி அம்புக்குறி இருக்கும். அது ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் பலகை மட்டுமே. அதைப் பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஒன்றும் திறக்காது. கடைக்காரர் 'பென்டிரைவில் வைரஸ்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். இப்படி வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காப்பி எடுத்தபின் பென்டிரைவுக்குள் போய் சைஸைப் பாருங்கள். இருபது பக்கப் பத்திரம் 2 கேபி என்று காட்டினால் நீங்கள் எடுத்தது ஷார்ட்கட்.

இரண்டாவது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். வாட்ஸ்அப், ஈமெயில், வங்கித் தளம், எதில் இறக்கினாலும் அங்கேதான் விழும். இறங்கிய கையோடு அதை உரிய ஃபோல்டருக்கு மாற்றிவிட்டுத் திறங்கள்.

மூன்றாவது ஒன்டிரைவ். இதுதான் இப்போது புதியவர்களை அதிகம் சுற்றவிடுவது. விண்டோஸ் 11 அமைக்கும்போது அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'நெக்ஸ்ட்' கொடுத்தால் உங்கள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையக் கணக்கோடு இணைந்துவிடலாம். ஃபைலுக்குப் பக்கத்தில் மேகம் போட்ட அடையாளம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது, நெட் இல்லாவிட்டால் திறக்காது. மலையில் சிக்னல் வந்து போகிற இடத்தில் இது பெரிய தலைவலி. இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண போட்டோ நாலு போட்டாலே நிறைந்து, 'இடமில்லை, காசு கட்டு' என்று தொந்தரவு செய்யும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'பேக்அப்' பகுதிக்குப் போய் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தியபிறகு பழைய ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. பயந்துவிடாதீர்கள், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை 'தோட்டம்' ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் ஒரு காப்பி. ஒன்று மட்டும் கவனம்: பென்டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது. போனது போனதுதான்.

கெடுத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஐகானைக் கிளிக் செய்வதாலோ, தப்பான மெனுவைத் திறப்பதாலோ எதுவும் கெடாது. தெரியாமல் எதையாவது செய்துவிட்டால் கன்ட்ரோல் இசட், முந்தைய நிலைக்குத் திரும்பும். திரை உறைந்து நின்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேலை செய்யாத புரோகிராமை மட்டும் மூடலாம். மெஷின் மக்கர் செய்தால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், 'ஷட்டவுன்' வேண்டாம். சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் ஷட்டவுனின்போது தன் உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது. பழைய கோளாறும் கூடவே எழுந்துவரும். ரீஸ்டார்ட்தான் முழுசாகத் துடைத்துவிட்டுத் தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைப் பிடுங்குவது, அப்டேட் ஓடும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது, இவை இரண்டும்தான் உண்மையிலேயே ஆபத்து.

மவுஸ் கை வரவில்லையென்றால் சாலிடேர் சீட்டு விளையாடுங்கள். வெட்டி வேலை இல்லை. 1990-இல் விண்டோஸ் 3.0-இல் அது வந்தபோதே, இழுத்து விடுவதற்கு ஆட்களின் கை பழக அது நன்றாக உதவியது. லேப்டாப்பின் டச்பேடு எரிச்சலூட்டும். சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தமிழில் அடிக்க, செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். பத்து நாள் முரண்டு பிடிக்கும், அப்புறம் வேகம் வந்துவிடும். போனில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிறீர்கள் என்றால் அதே மாதிரியும் ஒரு விசைப்பலகை உண்டு. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். டிடிபி கடையில் பழைய ஃபான்ட் எதையாவது போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் நீங்கள் அடித்தது சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு மட்டும் போதும்.

மூன்றாம் வாரத்தில் கணக்கு. எக்ஸெல் இருந்தால் அது, காசு கேட்டால் லிப்ரே ஆஃபிஸ் கால்க். இலவசம், நெட்டும் வேண்டாம். நோட்டில் நீங்கள் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பீர்கள். அதே பழக்கத்தில் எக்ஸெல்லிலும் ஆளுக்கு ஒரு ஷீட் போட்டால் மாதக் கடைசியில் கூட்டமுடியாமல் தவிப்பீர்கள். ஒரே ஷீட்டில் தேதி, பெயர், வேலை, கூலி என்று நான்கு காலம், அதாவது மேலிருந்து கீழே போகும் பத்தி. ஒருவரின் ஒரு நாள் வேலை ஒரு வரிசை. பழம் பறிப்பு நேரத்தில் தினம் பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு வரிசை. தலைப்பு வரிசையில் நின்று கன்ட்ரோல், ஷிஃப்ட், 'எல்' தட்டினால் ஒவ்வொரு தலைப்பிலும் சின்ன அம்பு வரும். பெயரில் கிளிக் செய்து ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் அவர் வரிசைகள் மட்டும் நிற்கும். கூலிக் காலத்தைச் செலக்ட் செய்யுங்கள். எக்ஸெல்லில் கீழ்ப்பட்டையில் கூட்டுத்தொகை தெரியும். ஃபார்முலா எதுவும் தெரியாமலே இவ்வளவு ஆகிவிடும். ஒரே ஆளை 'ராணி' என்று ஒரு நாளும் 'ராணியம்மா' என்று ஒரு நாளும் அடித்தால் மட்டும் அது இரண்டு பேராக எண்ணிக்கொள்ளும்.

கூலியை வங்கியில் போடுகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆதாரின் 12 இலக்கத்தை எக்ஸெல்லில் அப்படியே அடித்தால் 2.34-க்குப் பின்னால் ஏதோ எழுத்தும் கூட்டல் குறியுமாக மாறிவிடும். அது தோற்றம்தான், எண் உள்ளே பத்திரமாக இருக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் அப்படியில்லை. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். பதினாறாவதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். 7 என்று முடிந்த கணக்கு 0 என்று முடியும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் முதல் பூஜ்யமும் காணாமல் போகும். தீர்வு சுலபம்: எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று தட்டிவிட்டு அடியுங்கள். அப்போது அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தில் வரிசையாக வேலிக்குறிபோல் (#) தெரிந்தால் ஒன்றும் இல்லை, காலத்தின் அகலம் பத்தவில்லை.

ஏமாற்று வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசித் துண்டை மறைத்துத்தான் காட்டும். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்துவிடுங்கள். அப்போதுதான் பிடிஎஃப் பில் என்று வேஷம் போட்டு வருவது உண்மையில் இஎக்ஸ்இ என்று முடியும் புரோகிராம் என்று தெரியும். போனில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன் என்று ஏபிகே ஃபைல் வருகிறதே, அதே கும்பலின் அண்ணன் இது. திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வந்து, 'வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்றால் கூப்பிடாதீர்கள். ஆல்ட் கீயோடு எஃப்4. 'இன்று இரவு கரண்ட் கட்' என்று மிரட்டி, தூரத்திலிருந்தே உங்கள் மெஷினை இயக்கவிடும் எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்பவனும் திருடன்தான். பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு.

அப்படியானால் வகுப்பு யாருக்கு? தட்டச்சர் மாதிரி அரசு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சி.ஓ.ஏ. (கம்ப்யூட்டர் ஆன் ஆஃபிஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழ் தேவைப்படும், அதற்கு டைப்ரைட்டிங்கும் முடித்திருக்கவேண்டும். பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யில் 'கோபா' (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட்) என்று ஒரு வருஷப் படிப்பு உண்டு. தோட்டக் கணக்குக்கு இரண்டுமே வேண்டாம். சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கு ஒரு மெஷின் தருகிறார்களா, சொந்த லேப்டாப்பைக் கொண்டுவர விடுகிறார்களா? முதல் வாரத்திலேயே 'கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர் யார்' என்று நோட்டில் எழுதவைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் சேலம் இறங்குவீர்கள் இல்லையா? அப்போது அந்த மாதக் கூலிக் கணக்கைப் பென்டிரைவில் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளுங்கள்: எக்ஸெல் ஃபைலாக ஒன்று, 'சேவ் ஆஸ்' போய்ப் பிடிஎஃப்பாக ஒன்று. ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப்பைப் பிரின்ட் கேளுங்கள். எந்த ஃபோல்டர், எந்தப் பெயர் என்று நீங்களே சொல்லி எடுக்கவைத்து, ஒரு பக்கம் சரியாக வந்துவிட்டால் மூன்று மாத வகுப்புக்குக் கட்ட இருந்த பணத்தில் நல்ல மவுஸும் இன்னொரு பென்டிரைவும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். வராவிட்டால் கடைத் திரையில் என்ன வந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.